ஏழு வருட வாரண்டி

என் வீட்டுக்காரர் வாரண்டி பார்த்து எந்தப் பொருளையும் வாங்கியவரில்லை. கடைக்காரர் அட்டையில் முத்திரை குத்தி, தேதி போட்டு, "பத்திரமா வச்சுக்கங்க" என்று கொடுப்பார். இவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுப்பார். ஏன் இப்படி என்று கேட்டால் நெஞ்சில் விரலை வைத்து, "வாரண்டி நான்தான்" என்பார்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு பாதி ஆயுளைக் கழித்தவர். "எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் நான் விட்டாதான் மேல போக முடியும்" என்று பீற்றிக்கொள்வார். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. எங்கள் மிக்ஸியின் திருகு ஒரு பாட்டில் மூடி. இஸ்திரிப் பெட்டியின் வயர் ஒரு பழைய டேபிள் ஃபேனுடையது. எங்கள் வீட்டில் ஒரு பொருள் செத்துப்போனால் அதன் உறுப்புகள் மூன்று பொருள்களில் உயிரோடு இருக்கும். வருகிறவர்கள் முன்னால் மானம் போகிறதே என்று நான் சலித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான். சொன்னால் மனிதருக்குத் தலைகால் புரியாது என்று சொன்னதில்லை.

நான் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் என் மெஷின். எங்கள் பெண் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பெயரைச் சொன்னால் அவளுக்குக் காது கேட்காது. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாச் சோதனையும் முடிந்து முடிவு வந்த அன்று, டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. "இனிமே குடுக்கிற மருந்தெல்லாம் வலி தெரியாம இருக்கத்தாம்மா" என்றார். மீதியும் விளங்கியது.

குழாயில் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்த லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடுகிற சத்தம் சரியில்லையாம்.

"என்ன சொன்னாரு?"

"ரத்தம் கம்மியாம். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா தேறிடுமாம்."

"சரி" என்றார். ஒரு திருகாணி வாங்கப் போனாலும் கடைக்காரரை ஒன்பது கேள்வி கேட்கிற மனிதர் அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. நல்லவேளை, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இருக்கிற கொஞ்ச நாளும் நாளாக இருக்காது என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்து மறைத்தேன். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கினால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடுமே. அவர் தூங்குகிற மத்தியான வேளைகளில் ஒவ்வொரு சட்டையாக எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். அதே நிற நூல், அதே நெருக்கம். பேண்ட் இடுப்பையும் விடவில்லை. மிச்சத் துணியை மட்டும் வெட்டாமல் மடித்து உள்ளேயே விட்டேன். தேறினால் பிரித்துக்கொள்ளலாம் இல்லையா. டாக்டர் சொன்னதை என் காதுதான் கேட்டது, கை கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "வாலுக்கு ஒரு கம்ப்யூட்டர் பண்ணிடலாம்" என்றார்.

அவள் பொம்மைப்படம் வரைகிறவள். ஒரு படம் ஓடி இன்னொரு படமாகிற மாதிரி என்னவோ செய்வாள். எல்லாம் விரிசல் விட்ட போனில்தான். "நான்தான் லீவுல சும்மா கிடக்கேனே. ஒவ்வொண்ணா வாங்கி நாமளே சேத்துடலாம். ஆனா விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் முடியும்" என்றார். வாலு அப்போதே குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வைக்க இடம் எங்கே? மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை போடலாம். இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். மேசைமேல் மானிட்டர் வைத்தது போக ஒரு சாப்பாட்டுக் கேரியரைப் படுக்க வைக்கிற இடம்தான் மிஞ்சியது. அதனால் பெட்டியும் குட்டியாகவே வாங்கினார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மதர்போர்டு, ப்ராசசர், மெமரி. எதற்கும் அவர் பெரிதாக யோசிக்கவில்லை. ப்ராசசரிலேயே படம் காட்டுகிற வசதி இருப்பதாகப் பார்த்து வாங்கினார். மெமரி, யாரோ கழற்றி விற்றது. வழக்கம்போலத்தான் இருக்கிறார் என்று எனக்கு நிம்மதி.

பவர் சப்ளை என்று ஒன்று மட்டும் மிச்சம். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருப்பவை தாங்குகிற அளவுக்கு மாற்றிக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. மற்றதை எல்லாம் ஒரே நாளில் முடிவு செய்தவர் இதற்கு மாத்திரம் நாள்கணக்கில் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இது பொய் வாட். பெட்டியில எழுதியிருக்கிறது ஒண்ணு, உள்ள வர்றது ஒண்ணு" என்பார். ஒரு பெண் பார்க்கப் போயிருந்தாலும் இத்தனை குறை சொல்லியிருக்கமாட்டார். என்னைப் பார்க்க வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி என்று சொன்னவர்.

அவரோடு வேலை பார்த்த தாடிக்காரர் ஒருநாள் வந்தார். ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பவர் சப்ளையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். "அண்ணே, காத்தாடி கொஞ்சம் கத்துது. நீங்க தொட்டா வாயை மூடிரும்."

எனக்கு மனசு குதித்தது. இது அவருக்குப் பிடித்த பண்டம். முந்தி என்றால் தாடிக்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் அதைப் பிரித்துத் தரையில் பரப்பியிருப்பார். இப்போது கையில் வாங்கி எடை பார்த்தார். துணியால் தூசியைத் துடைத்தார். பிறகு, "இது வேணாம்பா. பெருசு, இந்தப் பெட்டிக்குள்ள போகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போகலைன்னா என்னங்க, பெட்டியை அறுத்து வெளியே தொங்க விட்டுருவீங்களே" என்றேன்.

"வேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரித்துப் பார்க்கத் தெம்பில்லையோ, அதைத் தானே உணர்ந்துவிட்டாரோ என்ற பயம்தான் கோபமாக வந்தது. அப்படி ஒரு நினைப்பே அவருக்கு வரக் கூடாது என்று நானே வேலையில் இறங்கினேன். "சின்னது எவ்வளவுதான் இருக்கும்? அளவைச் சொல்லுங்க" என்றேன். அவர் போனைப் பார்த்து நீளம், அகலம், உயரம் சொன்னார். புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டை என்னிடம் நிறைய உண்டு. அதை வெட்டி, மடித்து, ஒட்டி, அவர் சொன்ன அளவில் ஒரு டப்பா செய்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அது அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

"வயர் திரும்ப இடம் விடணும்ல" என்றார்.

"தையலுக்குக் கால் இஞ்ச் விடாம எவளாவது துணி வெட்டுவாளா? விட்டிருக்கேன், பாருங்க."

சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் பல் தெரியச் சிரித்தார். "இத்தனை வருஷம் நான் தப்பான ஆளை ஹெல்ப்பரா வச்சிருந்திருக்கேன்" என்றார்.

அடுத்தது எத்தனை வாட் என்பது. வாலுவை எதிரில் உட்காரவைத்து, "பின்னாடி இதுல என்னல்லாம் சேர்ப்ப?" என்று கேட்டார்.

"சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டு. காலேஜ் போனப்புறம். அப்புறம் இன்னொரு டிஸ்க். படமெல்லாம் சேந்துருமில்ல."

காற்றில் விரலால் கூட்டிப் பார்த்தார். "இப்ப இருக்கிறதுக்கு நூத்தம்பது வாட்டே தாராளம். ஆனா..."

"பிள்ளைகளுக்குத் தைக்கிறப்ப உள்ள துணி விட்டுத்தான் தைக்கணும்" என்றேன் நான், பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "ஆமா. உள்ள துணி விடணும்" என்றார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று முந்நூறு வாட், ஒரு வருட வாரண்டி, விலை மலிவு. இன்னொன்று நானூற்றைம்பது வாட், ஏழு வருட வாரண்டி. அதன் விலை மதர்போர்டை முழுங்கிவிடும் போலிருந்தது. என் வாய் பழக்கதோஷத்தில், "முதல்ல இருக்கிறதே போதாதா?" என்றது. மனசு மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏழு வருஷம் இருக்கிறதை எடுத்துக்கலாம்" என்றார். "யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கக் கூடாது."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏழு வருடம் என்று கணக்குப் போடுகிறவருக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. நாள் முடிகிறது என்று தெரிந்தவன் ஏழு வருடத்தைத் தேடிப் பிடிப்பானா? நான் மறைத்தது மறைந்துதான் இருக்கிறது. அன்றைக்கு மெஷின் மிதிக்கும்போது என்னையறியாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தேன் போல. "அம்மா பாடுறா" என்று வாலு அவரிடம் போய்க் கோள் சொன்னாள்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் அவருக்கு நெடுநாள் பழக்கம். "அண்ணன் வரலையாக்கா?" என்றவர், நான் காட்டியதைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு இதுவா? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிரும்க்கா. அதுவும் அண்ணனுக்கு எதுக்கு வாரண்டி? அவரே ஒரு நடமாடற சர்வீஸ் சென்டராச்சே."

"எங்களுக்கு ஏழு வருஷம் வேணும்" என்றேன். கடையில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த ஏழு வருடத்தையும் விலைக்கு வாங்கிவிட்டவளைப் போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்றால் வாலுதான் சேர்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். கை நடுங்குவது தெரியாமல் இருக்க இரண்டு கைக்குள்ளும் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்ளரில் தண்ணீர் இல்லை. அதையும் நான் பார்க்காத மாதிரி பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

பவர் சப்ளையை உள்ளே வைத்து வாலு திருகாணியை எடுத்தபோது, "இங்க பாரு" என்றார். "எதை வேணா திற, பிரி, உடை. இது ஒண்ணை மட்டும் என்னைக்கும் திறக்காத. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தங்கி இருக்கும், ஆளை அடிச்சிரும். கெட்டுப்போச்சுன்னா அப்படியே கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போ. அட்டையைக் காட்டு. புதுசு குடுப்பாங்க."

"நான் எதுக்குப்பா போறேன்? அதான் நீ இருக்கியே."

"அந்த நாலாவது ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்றார்.

எல்லாம் மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டாள். சின்ன விளக்கு எரிந்தது. நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். பவர் சப்ளையின் காத்தாடி அசையாமல் நின்றது. "என்னங்க, இது சுத்தவே இல்லையே. செத்துப்போச்சா?"

"சாகலை" என்றார். "வேலை குறைச்சலா இருக்கிறப்ப இது சுத்தாது. சூடேறினா தானா சுத்தும். இதுதான் நல்ல சாமான். சத்தமே கேக்காது, உனக்கும் மெஷின்ல உக்காந்தா தொந்தரவு இருக்காது." அதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. வாலு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை. பிறகு அடுத்த வீட்டுத் தோழியிடம் சொல்ல ஓடினாள்.

நான் தரையைக் கூட்டினேன். தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, அட்டைப் பெட்டி. அதற்குள் அந்த வாரண்டி அட்டை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு குறும்பு தோன்றியது. அட்டையை நாலாக மடித்தேன். புது மேசையின் ஒரு கால் லேசாக ஆடியது. அவர் பார்க்கும்படி மண்டியிட்டு, அந்தக் காலுக்கு அடியில் அட்டையைச் செருகினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நெஞ்சில் விரலை வைத்து அந்த வசனத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து, மெதுவாகத் தரையில் இறங்கினார். மேசைக்காலைத் தூக்க அவரால் முடியவில்லை. "கொஞ்சம் தூக்கு" என்றார். தூக்கினேன். அட்டையை உருவி எடுத்து, பிரித்து, தொடைமேல் வைத்து மடிப்புகளை உள்ளங்கையால் நீவி நீவிச் சரிசெய்தார்.

"இது வேணும்" என்றார்.

"நீங்கதான் வாரண்டிம்பீங்களே" என்றேன்.

"இதுக்கு நான் இல்லை." அட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏழு வருஷம்னா வாலு படிச்சு முடிச்சு வேலைக்கே போயிருப்பா. அதுக்கப்புறம் அவளே வாங்கிப்பா. அதுவரைக்கும் கெட்டுப்போனா யாரு பாக்கிறது? நீ கண்டவனைக் கூப்பிட்டு ஏமாறுவ."

தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் கட்டிக் காத்தது மூன்றே வார்த்தையில் சரிந்து கிடந்தது. "யாரு சொன்னது? டாக்டரா?"

"நீதான்."

"நான் வாயே திறக்கலையே."

"அதான். டாக்டர் நிஜமாவே ரத்தம் கம்மின்னு சொல்லியிருந்தா, சாப்பாட்டை ஒழுங்கா சாப்பிடாம இப்படி ஆக்கிக்கிட்டீங்கன்னு வீட்டையே ரெண்டாக்கியிருப்ப. அன்னைக்கு அப்புறம் நீ என்னைத் திட்டவே இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம் சட்டை. வாட்ச் கழண்டு முழங்கைக்கு ஓடுது, சட்டை மட்டும் கச்சிதமா இருக்கு. எப்படிடான்னு உள்பக்கம் திருப்பிப் பாத்தேன்."

"பாத்துட்டு சொல்லலையே, பாவி மனுஷா."

"நீ அவ்வளவு பாடுபட்டுத் தைச்சிருக்க. பிரிக்க மனசு வரலை" என்றார்.

அழுதேன். ஆஸ்பத்திரிக் குழாயடியில் அடக்கியதையெல்லாம் அவர் மடியில் போட்டு அழுதேன். அவரும் அழுதார். ஏழு வருடம் என்று கேட்டுப் பாட்டுப் பாடிய என் மடத்தனத்தை நினைத்து இன்னும் அழுதேன். அவர் எனக்காக வாங்கியது அந்த ஏழு வருடம். தான் இல்லாத ஏழு வருடம். மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வாலு திரும்பி வருகிற செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். அட்டையை என் பாபின் டப்பாவுக்குள் வைத்து மூடினார். பிறகு சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "உள்ள விட்டிருக்கிற துணி படுக்கிறப்ப விலாவுல குத்துது. இனிமே எதுக்கு? வெட்டிடேன்."

சட்டையைப் புரட்டி மெஷின் மேல் போட்டேன். இரண்டு பக்கமும் நான் மடித்து விட்ட துணி, ஒவ்வொரு பக்கமும் மூன்று விரல் அகலம். கத்தரிக்கோலை எடுத்தேன். துணியின் ஓரத்தில் வைத்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டேன். டேபிள் ஃபேன் வயர் போட்ட அந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மடிப்பைப் படியப் படியத் தேய்த்து, எழும்பாமல் இருக்க ஓரத்தில் ஒரு மெல்லிய தையல் போட்டேன்.

"வெட்டிட்டேன்" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டார். கையை விட்டு விலாப்பக்கம் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினார். மடிப்பு விரலில் பட்டுத்தான் இருக்கும்.

"இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.